கறளோடு மல்லுக்கட்ட வேண்டாம்



கோழி வளர்ப்பு, சேமிப்புக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு என்று இந்தப் பக்கத்தில் பலதையும் பேசியிருக்கிறோம். இந்த மாதம் பழைய வானுக்கு அடியில், கைக்கு எட்டாத இடத்தில், கறள் பிடித்து இறுகிக் கிடக்கும் நட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதென்ன, இது எங்கட அலுவலா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எங்கட அலுவல்தான்.

எமது கிராமங்களில் பாடசாலை வான் ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள், லான்ட்மாஸ்ரர் வைத்திருப்பவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினைத் தாங்களே இயக்குபவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது பழைய வாகனமும் பழைய இயந்திரமும்தான். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியோடு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பிறகும் புதிய வாகனம் எங்களுக்கு எட்டாத விலையிலேயே இருக்கிறது. ஆகவே முப்பது வருடம் ஓடிய டொல்பின் வானை இன்னும் சில வருடங்கள் ஓடவைப்பதுதான் எங்களுக்கு முன்னால் உள்ள வழி. அப்படி ஓடவைக்கும்போது முதலில் வந்து குறுக்கே நிற்பது இந்தக் கறள்தான்.

கறள் ஏன் இறுக்குகிறது?

இரும்பும் ஈரமும் காற்றில் உள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் கறள் உண்டாகும். உப்புக்காற்று பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். கரையோரக் கிராமங்களில் கூரைத் தகரம் எவ்வளவு சீக்கிரம் ஓட்டை விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதில் முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. கறளாக மாறிய இரும்பு, முன்பு இருந்ததை விடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உள்ள புரிகளில் மயிரிழை இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளிக்குள் கறள் வீங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. அதாவது நட்டைப் பிடித்து வைத்திருப்பது யாரோ இறுக்கிய இறுக்கம் மட்டுமல்ல, உள்ளே வீங்கியிருக்கும் கறளும்தான். இதை விளங்கிக்கொண்டால், வெறும் பலத்தைப் போட்டு ஏன் வெல்ல முடியாது என்பதும் விளங்கும். பலத்தைப் போட்டால் கறள் விடாது, போல்ட்தான் முறியும்.

ஒரு சகோதரியின் வான்

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி பாடசாலை வான் ஓட்டுகிறார். அந்த வான் அவரது கணவர் ஓட்டியது. 2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில் புகைக்குழாய் இணைப்பைத் தன் கையாலேயே பூட்டிவிட்டு, பெயின்ற் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கமாக இருந்த தமக்கையின் வீட்டில் வானை விட்டுவிட்டு வந்தார் அவர். அந்த ஆகஸ்ட் மாதம் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. வான் அங்கேயே நின்றுவிட்டது. 2009இல் கணவர் காணாமல் போனார். முகாமில் இருந்து மீள்குடியேறிய பிறகு சகோதரி போய் வானைக் கொண்டுவந்தார். நான்கு வருடங்கள் உப்புக்காற்றில் நின்ற வான் அது.

அதன் பிறகு அந்த வான்தான் குடும்பத்தைத் தாங்கியது. பின்பக்கப் புகைக்குழாயை இரண்டு தடவை மாற்றினார். ஆனால் இயந்திரத்தோடு சேரும் முன் இணைப்பை யாரும் தொடவில்லை. சில மாதங்களுக்கு முன்னர் அந்த இணைப்பில் இருந்த கஸ்கற் எரிந்து புகை கசியத் தொடங்கியது. டொல்பின் வானில் இயந்திரம் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. அங்கே கசிகிற புகை வெளியில் மட்டும் போகாது, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் வரும். முன்னால் இருந்த பிள்ளை தலையிடிக்கிறது என்று சொன்னபோதுதான் சகோதரி பயந்துபோனார்.

பயப்பட வேண்டிய விடயம்தான். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. பெற்றோல் வாகனம் என்றால் ஆபத்து உடனடியானது. அதன் புகையில் காபனோரொட்சைட்டு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய வாகனத்துக்குள் உயிரையே எடுத்துவிடும். வாகனத்துக்குள் புகை மணம் வந்தாலோ, ஏறினால் தலையிடியும் ஓங்காளமும் வருகிறது என்று பிள்ளைகள் சொன்னாலோ அதை நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

சகோதரி வானை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். "போல்ட் எல்லாம் முறியும். மனிபோல்டையே மாற்ற வேண்டும். வானை ஒரு கிழமைக்கு விட்டுவிட்டுப் போங்கோ" என்றார்கள். கேட்ட தொகை அவரது இரண்டு மாத உழைப்பு. ஒரு கிழமை வான் ஓடாவிட்டால் பெற்றோர் வேறு வான் பார்த்துக்கொள்வார்கள். போன பிள்ளைகள் திரும்பி வருவது கஷ்டம். ஆகவே அவர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் வயதான ஒரு மெக்கானிக் ஐயாவிடம் போனார். ஐயாவுக்கு எழுபது கடந்துவிட்டது, பார்வையும் குறைவு. "நான் சொல்லித் தாறன் பிள்ளை, கை உன்ர கை" என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் வேலையைத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிப்பது என்று தீர்மானித்தார்கள். நானும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய் இருந்து பார்த்தேன். கீழே எழுதியிருப்பது அங்கே கண்டதும், ஐயாவிடம் கேட்டு அறிந்ததும்.

முதலில் பாதுகாப்பு

வாகனத்துக்கு அடியில் போகுமுன் அதைச் சமதரையில் நிறுத்துங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போக வேண்டாம். ஜக் சறுக்கினால் வாகனத்தின் முழுப் பாரமும் உங்கள் மேல்தான் விழும். உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, கையால் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் வேண்டாம். மேலே பார்த்து வேலை செய்யும்போது கறள் தூள் நேராகக் கண்ணில்தான் விழும். ஆகவே கண்ணாடி போடாமல் தொடங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றைக்குள் கிடக்கும் வாகனம் என்றால் நட்டுக்காகவோ இரும்புக்காகவோ அதன் கிட்டவும் போகாதீர்கள். வெடிபொருள் இருக்கக்கூடும். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

படிப்படியாக

1. துப்புரவு. வெளியே தெரியும் புரியைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். மண்ணும் கறளும் நிற்கும் புரியில் நட் நகர இடமில்லை, ஊற்றும் எண்ணெயும் உள்ளே இறங்காது.

2. ஊறவைத்தல். கறளுக்கென்றே கடைகளில் விற்கும் மெல்லிய எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓட்டோமற்றிக் கியருக்கு ஊற்றும் ஒயிலும் அசிற்றோனும் சம அளவில் கலந்து பாவிக்கலாம். மண்ணெண்ணெயும் ஓரளவுக்கு உதவும். அசிற்றோன் சட்டென்று தீப்பற்றும், கவனம். ஒருமுறை ஊற்றிவிட்டு உடனே முறுக்குவதில் பயன் இல்லை. பின்னேரம் ஊற்றி, இரவு ஊற்றி, விடிய எழும்பி மறுபடியும் ஊற்ற வேண்டும். இயந்திரம் சூடாக இருக்கும்போது ஊற்றக்கூடாது.

3. தட்டுதல். எண்ணெய் விட்டபின் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் கறளில் வெடிப்பு விழும், எண்ணெய் அதற்குள் இறங்கும். புரியின் நுனியில் அடிக்காதீர்கள், அது நசிந்தால் நட் வெளியே வராது.

4. சரியான சாவி. ஸ்பனரில் 12 என்றும் 14 என்றும் இருப்பது மில்லிமீற்றர் கணக்கு. ஜப்பான் வாகனங்களில் 12, 14, 17 ஆகியவை அதிகம் வரும். கறள் தின்ற நட்டுக்கு ஆறு மூலை உள்ள சொக்கற்தான் நல்லது. பன்னிரண்டு மூலை உள்ளது நட்டின் முனைகளில் மட்டும் பிடிப்பதால் மூலையை உருட்டிவிடும். மூலை உருண்ட நட், பிறகு எந்தச் சாவிக்கும் அடங்காது. சாவி தளர்வாக இருந்தால் முறுக்க வேண்டாம். சொக்கற் நன்றாக இருக்கும்படி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

5. முதலில் இறுக்குதல். இதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. சகோதரி இடப்பக்கம் திருப்பத் தொடங்கியதும் ஐயா மறித்தார்.

"பிள்ளை, முதல்ல கொஞ்சம் இறுக்கு."

"இறுக்கிறதோ ஐயா? கழட்டத்தானே வெளிக்கிட்டனாங்கள்?"

"ஓம். மயிரிழை இறுக்கு. கறள் உடையட்டும். பிறகு கழட்டு."

இறுக்கும் பக்கம் சற்று அசைந்தாலும் கறளின் பிடி உடைந்துவிடும். அதன் பிறகு கால் சுற்றுக் கழற்ற வேண்டும். இறுக்கமாக வந்தால் அங்கேயே நிறுத்தி, சற்றுத் திருப்பி இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடியும் கழற்ற வேண்டும். போய் வந்து, போய் வந்துதான் நட் வெளியே வரும். ஒரே மூச்சில் இழுத்தால் உடைந்த கறள் தூள் புரிக்குள் சேர்ந்து மறுபடியும் சிக்கிவிடும்.

6. நீளமான பிடி. பலம் போதாவிட்டால் சாவியின் பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைக் கொளுவலாம். 30 சென்ரிமீற்றர் பிடியை 60 ஆக்கினால் அதே கை இரண்டு மடங்கு முறுக்கும். வெட்டி இழுக்காமல் சீராக அழுத்துங்கள். நட் திரும்பாமல் 'ரப்பர் மாதிரி' இழுபடுவதுபோல் கைக்குப் பட்டால் உடனே நிறுத்துங்கள். அது போல்ட் முறியப் போகிறது என்பதற்கு அடையாளம். திரும்பவும் எண்ணெய்க்குப் போங்கள்.

7. சூடு. நட்டைச் சூடாக்கினால் அது விரியும், குளிரும்போது கறள் வெடிக்கும். சூடாக இருக்கும்போது மெழுகுதிரியைப் புரியில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். ஆனால் எரிபொருள் தாங்கி, எரிபொருள் குழாய், பிரேக் குழாய், றப்பர், வயர் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். எண்ணெய் ஊற்றி ஈரம் காயாத இடத்திலும் வேண்டாம். பிரேக் கழுவும் திரவம் பட்ட இடத்தைச் சூடாக்கினால் நச்சு வாயு வரக்கூடும். இந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது. சகோதரியின் வானில் எரிபொருள் குழாய் கிட்ட இருந்தபடியால் ஐயா நெருப்பைத் தொடவே விடவில்லை.

கைக்கு எட்டாத நட்

சகோதரியின் வானில் மூன்று நட்டுகள் இருந்தன. ஆசனத்தைத் தூக்கியதும் இரண்டு மேலிருந்து எட்டின. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவை இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது நட் குழாய்க்குப் பின்னால் மறைந்து இருந்தது. மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது.

இப்படியான இடத்துக்கு மூன்று சாமான்கள் உதவும். சொக்கற்றை நீட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பி, வளைந்து திரும்பும் மூட்டு, ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடி. கண்ணாடியையும் ரோச் லைற்றையும் பிடித்துப் பார்த்து, நட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். பின்பக்கமாக நின்று திருப்பும்போதும் திசை மாறும். நட்டுக்கு நேரே முகம் கொடுத்து நிற்பதாக நினைத்துப் பாருங்கள். அப்படி நின்றால் மணிக்கூட்டு முள் ஓடும் திசைக்கு எதிராகத் திருப்புவதுதான் கழற்றுவது. திசை பிழைத்து மேலும் மேலும் இறுக்கியே பல போல்ட்டுகள் முறிகின்றன. சில பழைய லொறிகளின் இடப்பக்கச் சில்லு நட்டுகள் மட்டும் மாறிய புரி உள்ளவை, அவற்றை வலப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும்.

வழியில் இருக்கும் வேறு பாகத்தைக் கழற்றினால் இடம் கிடைக்குமா என்றும் பாருங்கள். ஒரு பாகத்தைக் கழற்ற அரை மணித்தியாலம் போகலாம். ஆனால் கோணலாகப் பிடித்து மூலையை உருட்டினால் ஒரு நாளே போய்விடும்.

ஐயாவின் கை அந்த இடைவெளிக்குள் போகவில்லை. சகோதரியின் கை போனது. கண்ணால் பார்க்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிச் சொக்கற்றைக் கொளுவினார். சனிக்கிழமை பின்னேரம் கால் சுற்று வந்து நின்றுவிட்டது. எனக்கென்றால் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும் போல் இருந்தது. ஐயா விடவில்லை. திருப்பி இறுக்கச் சொல்லி, எண்ணெய் விட்டு, "இனி நாளைக்கு" என்று எழும்பிப் போய்விட்டார். ஞாயிறு காலை, முதல் இறுக்கலிலேயே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு போய் வந்து, போய் வந்து, இருபது நிமிடத்தில் நட் அவரது உள்ளங்கையில் விழுந்தது.

ஐயா பழைய நட்டுகளை எறியப் போனார். "எறியாதேங்கோ ஐயா. அது அவர் பூட்டினது" என்றார் சகோதரி. மூன்றையும் துடைத்து ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுவிட்டு, புது கஸ்கற்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் அடியில் போனார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

முறிந்துவிட்டால்?

எல்லாம் செய்தும் சில வேளை முறியத்தான் செய்யும். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நட் வராது என்று தெரிந்தால் நட்டை மட்டும் உளியால் பிளந்தோ வாளால் அறுத்தோ எடுத்து, போல்ட்டைக் காப்பாற்றலாம். நட்டின் விலை சொற்பம். முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பி எடுக்கலாம். அந்தச் சூடே கறளையும் விடுவிக்கும். மட்டமாக முறிந்தால் சரியாக நடுவில் துளையிட்டு எடுக்க வேண்டும். அது லேத் பட்டறை வேலை. அப்போதும் முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும் என்று இல்லை.

பூட்டும்போது

புரியைத் துப்புரவாக்கி, புது நட் பூட்டுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் சாதாரண கிறீஸ் எரிந்துவிடும், சூடு தாங்கும் கொப்பர் கிறீஸ்தான் வேண்டும். அடுத்த முறை கழற்றுபவருக்கு அது பெரிய உதவி. சில்லு நட்டுகளுக்குக் கிறீஸ் பூச வேண்டாம். அவற்றை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்கி, கொஞ்சத் தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

எதற்காக இதை எழுதினேன்?

எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. பிரேக், ஸ்ரியரிங் போன்ற வேலைகளைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கராஜில் போய் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எத்தனை நாள் எண்ணெய் விட்டுப் பார்த்தீர்கள்? நட்டை வெட்டி எடுக்கலாமா? கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் தாருங்கள்." இந்த மூன்று வசனங்களைச் சொல்லத் தெரிந்த பெண்ணிடம் பேசும் முறையே வேறாக இருக்கும். நேர்மையாக வேலை செய்யும் மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பால்நிலை வேலைப் பிரிவினை என்று ஒரு பாடம் இருந்தது. இது ஆணின் வேலை, இது பெண்ணின் வேலை என்று பிரித்தது உடம்பு அல்ல, வழக்கம்தான் என்று அதில் படித்தோம். ஆனால் எமது பெண்களுக்கு அதைப் புத்தகத்தில் இருந்து சொல்லத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோலில் தண்ணீர் மெஷினை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத் தோட்டம் செய்தவர்கள் நீங்கள். முகாமில் தறப்பாளை வைத்துக் குடும்பத்தையே காத்தவர்கள் நீங்கள். நட்டுக்கு அது யாருடைய கை என்று தெரியாது. சாவி சரியா, பிடி நீளமா, எண்ணெய் ஊறியதா, இவற்றைத்தான் அது பார்க்கும்.

உங்கள் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சொக்கற் பெட்டி வாங்கிப் பொதுவில் வைக்கலாம். உங்கள் ஊரிலும் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு மெக்கானிக் ஐயா இருப்பார். அவரை ஒரு சனிக்கிழமைக்கு அழைத்துப் பாருங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

வாகனம் இன்னும் காணாமல் போன கணவரின் பெயரிலேயே இருக்கிறது, என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்கிறீர்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழியைத் திறந்திருக்கிறது. அதைப் பற்றி அடுத்த மாதம் பேசுவோம். அதுவரை உங்கள் வானுக்கு அடியில் ஒரு தடவை ரோச் அடித்துப் பாருங்கள். கறள் பிடித்த நட் தெரிந்தால் இன்றைக்கே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.